கிடாவுக்குப் போட்ட பெல்ட்

வேகத்தைக் குறைக்கத்தான் சொன்னேன், தம்பி. நிறுத்தச் சொல்லவில்லை. குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. பிரேக்கை மிதிக்காதீர்கள், அமுக்குங்கள். ஆமாம், இப்படித்தான். சொன்னால் வருகிறதே.

ஆட்டுக்கு எதுக்குங்க அய்யா சீட் பெல்ட் என்று சாத்தூரில் ஏறும்போதே கேட்டீர்கள். கேட்டுவிட்டு வாய்க்குள் சிரித்தீர்கள். கண்ணாடியில் பார்த்தேன். நான் பதில் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் தெருவில் விசாரித்தால், குருவையாவுக்கு வாய் இருக்கிறதா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் எண்ணுகிற வேலை. எண்ணுகிறவன் பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும். அப்படியே பழகிவிட்டது. ஆனாலும் கயத்தாறு வரைக்கும் ரோடு நீளமாகக் கிடக்கிறது, நீங்களும் இன்னும் மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். கயத்தாறு தாண்டி இடது பக்கம் ஒரு சிமெண்ட் ஆர்ச் வரும், மேலே இரண்டு குதிரை பொம்மை. அங்கே திரும்பணும். வரும்போது நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இதை வளர்ப்புப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். இது நேர்ந்துவிட்ட கிடா. எங்கள் குலசாமி கருப்பனின் பொருள். நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள், அவ்வளவுதான். பிராணிகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிற கிறுக்கெல்லாம் என் மருமகளுக்கு. இரு சாமி, இரு. பள்ளம்தான். ஒன்றுமில்லை. சாமி என்று கூப்பிடுகிறேனே என்று பார்க்காதீர்கள். சாமியின் பொருளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆட்டுக்குப் பெயர் வைக்கிறவன் நான் இல்லை.

என் மருமகள் பிரதீபா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மகன் சீனிராஜும் அங்கேதான். அவர்கள் வீட்டில் ஒரு நாய். மஞ்சள் நாய். அதன் பெயர் மேங்கோ. மாம்பழம் என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவாம், மேங்கோ என்றால் கௌரவமாம். அதற்குக் குளிருக்கு ஒரு சட்டை, மழைக்கு ஒரு சட்டை. என் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு சட்டைதான். ஒரு தடவை அந்த ஊரில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒருத்தி நாயைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவளுடைய பிள்ளை பின்னால் நடந்து வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பேத்தி ஆதிரா எட்டாம் மாசத்தில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்றுதான் பார்க்கணும். பிள்ளை என்று சொல்லவே முடியாது, தம்பி. என் செருப்பு அதைவிடப் பெரிசு. அங்கே நின்று மனசுக்குள் சொன்னேன். கருப்பா, பிள்ளையை அந்தப் பெட்டியை விட்டு வெளியே கொண்டுவா. ஒரு மயிர்கூட வெள்ளை இல்லாத கருங்கிடா உனக்குத் தருகிறேன் என்று. கொண்டுவந்தான். இப்போது நாலு வயசு. அவள் போடுகிற சத்தத்தில் அந்த நாயே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

சந்தையில் கிடா பிடித்து மறுநாள் கோயிலில் நிறுத்துகிறார்களே, அது நேர்ச்சையா? அது அவசரத்துக்கு ஆள் பிடிப்பது. நேர்ந்தவன் குட்டியிலிருந்து வளர்த்துக் கொடுக்கணும். நான் வளர்த்தேன். இதன் தாய் மூன்று ஈன்றது. இவன்தான் கடைசி, பால் கிடைக்காது. பாட்டிலில் பால் ஊட்டினேன். மழைக்காலத்தில் சாக்குப் போட்டு அடுப்பங்கரையில் படுக்கவைத்தேன். சாமிக்குக் கொடுக்கிற பொருள் இருமக்கூடாது பாருங்கள்.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கொடுப்பதாக முடிவு. அவர்கள் பெரிய காரில் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் பிரதீபா முதலில் யாரை விசாரித்தாள் என்கிறீர்கள்? நாய்க்குத் தண்ணீர் எங்கே வைப்பது என்றுதான் விசாரித்தாள். காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது ஒரு கூத்து. நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாதாம், கார் ஓடினால் வாந்தி எடுக்குமாம். நெஞ்சைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை மாட்டினாள். அதைக் காரின் பெல்ட்டோடு கோத்தாள். கழுத்தில் கோத்தால் பிரேக் போடும்போது கழுத்து ஒடியுமாம். ஜன்னலைக் கொஞ்சம்தான் இறக்கணும், தலையை வெளியே விடக்கூடாதாம். இடையிடையே நிறுத்தி இறக்கி நடக்கவிடணுமாம். நாயை விட்டுக் காரைப் பூட்டினால் வெக்கையில் செத்துப்போகுமாம். ஒவ்வொன்றாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோம். கலெக்டர் புறப்படுவதற்குக்கூட இவ்வளவு இல்லை.

பிறகு என்னிடம் வந்தாள். "மாமா, இன்னொரு பெல்ட் இருக்கு. கிடாவுக்கும் போட்டுக்கலாமா?" என்றாள்.

"அது கோயிலுக்குப் போகுது தாயி, ஆஸ்பத்திரிக்கு இல்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சீனிராஜும் சிரித்தான். அவள் பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பேசி நாலு பேர் சிரிப்பது எப்போதாவது நடப்பது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

கிடாவைப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் ஏற்றினோம். கழுத்துக் கயிற்றை ஒரு கொக்கியில் கட்டினேன். எனக்கும் பெல்ட் போடச் சொன்னான் சீனி. நான் என்ன நாயா என்றேன். இப்போது நீங்களும்தான் ஏறினதும் சொன்னீர்கள். போலீஸ் பிடித்தால் நான் பேசிக்கொள்கிறேன். ஒரு கையால் இவனைப் பிடித்துக்கொண்டு எங்கே போய் பெல்ட் போடுவது?

கோவில்பட்டி தாண்டி ஒரு எருமை குறுக்கே வந்தது. சீனி பிரேக் போட்டான். போட்டான் என்று சொல்லக்கூடாது, குத்தினான். பெங்களூரில் அப்படித்தான் ஓட்டுவார்கள்போல. எனக்கு நெற்றி முன் சீட்டில் இடித்தது. அந்த நாய் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வாரில் கொஞ்சம் முன்னால் வந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக எருமையைப் பார்த்தது. எருமையைப் பார்க்கிறது, தம்பி. பின்னால் இருந்து சத்தமே இல்லை. அதுதான் எனக்கு... கிடா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. திறந்து பார்த்தால், கயிறு கழுத்தை இறுக்கி, முன்னங்கால் இரண்டும் மடங்கி, முட்டியில் தோல் போய்விட்டது. இறக்கினால் இடது காலை ஊன்றவில்லை.

தப்பு சீனியின் பேரில். அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். பிரதீபா நாய்க்கு வைத்திருந்த மருந்தைத் தடவி, துணி சுற்றிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதைச் சொல்லாமல் இருப்பதில் ஒரு திமிர் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

கோயிலில் சொந்தக்காரர் எல்லாம் வந்துவிட்டார்கள். அண்டா வந்துவிட்டது, மசாலா அரைத்தாகிவிட்டது. பூசாரி அழகுமுத்து எனக்குப் பங்காளி, மூத்தவர். கிடாவை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். உங்கள் பக்கமும் இந்த வழக்கம் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பைக் குலுக்கணும். குலுக்கினால் சாமிக்குச் சம்மதம். குலுக்காதவரைக்கும் அரிவாளைத் தொடக்கூடாது. ஊற்றினார். குலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அரிவாளைக் கையில் எடுத்தாகிவிட்டது.

"அது காதைத்தான் ஆட்டுச்சு" என்றேன்.

குலவை நின்றுபோனது. அழகுமுத்து என்னைப் பார்த்தார். "கழுத்தும் ஆடுச்சே, குருவையா."

"கழுத்து கணக்குல சேராது. முதுகு குலுங்கணும். வால் வரைக்கும் வரணும்."

மறுபடி ஊற்றினார். குலுக்கியது. முதுகில் ஈ உட்கார்ந்திருந்தது, அதற்குத்தான் குலுக்கியது, நான் பார்த்தேன். சொன்னேன். மூன்றாம் தடவை ஊற்றினார். கிடா மூக்கில் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டு சும்மா நின்றது. அப்போதுதான் அந்தக் காலைக் காட்டினேன். ஊனமான கிடாவை நிறுத்திவைத்துச் சம்மதம் கேட்டால் சாமி எப்படிக் கொடுக்கும்? முட்டி கிழிந்திருக்கிறது, ரத்தம் வந்திருக்கிறது. முழுசாக இருப்பதைத்தானே தருவதாகச் சொன்னேன். நொண்டியைத் தருவதாகவா சொன்னேன்? நான் சத்தம் போட்டுப் பேசி அதற்கு முன்னால் அங்கே யாரும் கேட்டதில்லை.

அழகுமுத்து அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "நானும் தலை நரைக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தியாச்சு. கருப்பனே நேர்ல வந்து சரின்னு சொன்னாலும் நீ அவன்கிட்ட ஆதார் கார்டு கேப்பே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காலையில் சிரித்த அதே ஆட்கள். ஒழுங்காக ஒரு காரியத்தைச் செய்யணும் என்று சொல்கிறவனைப் பார்த்தால் இந்த ஜனங்களுக்குச் சிரிப்பு. பூசாரிக்கு அரிவாளைத் தூக்கினால் போதும், முறை தெரியாது. சொந்தக்காரர்களுக்கு இலையில் கறி விழுந்தால் போதும்.

என் வீட்டுக்காரி வேலுத்தாய்தான் வந்து பூசாரி கையிலிருந்த கயிற்றை வாங்கினாள். "பொங்கலை வைப்போம். கிடா எங்கயும் ஓடிடாது" என்றாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். மதுரையிலிருந்து வந்த அத்தாச்சி சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனவள், இன்னும் எங்கள் போனை எடுப்பதில்லை. கறிக்கு வந்த சொந்தம்.

திரும்பும்போது நான் பார்ப்பதற்குள் பிரதீபா நாயின் பெல்ட்டைக் கழற்றி இவனுக்கு மாட்டி, பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டாள். அடிபட்ட கால், அதனால் நான் தடுக்கவில்லை. இன்னொரு பெல்ட் நாய்க்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அந்த நாய் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இவன் முதுகில் மோவாயை வைத்துத் தூங்கிவிட்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது. பெங்களூர் நாய்க்கு ஒரு கூச்சம் இல்லை. இவன் அசைபோட்டுக்கொண்டே வந்தான். வழி முழுக்க. ஆடு அசைபோட்டால் பயமில்லை என்று அர்த்தம், தம்பி. அசை நின்றால் பயப்படுகிறது. இதோ இப்போது போடுகிறான் பாருங்கள். அந்த லாரி ஹாரன் அடித்தபோது நின்றது. நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

அடுத்த மாசம் தபாலில் ஒரு பெல்ட் வந்தது. நான் கேட்கவில்லை. பிரதீபா அனுப்பியிருந்தாள். பெரிய அளவு, கருப்பு நிறம். கிடாவின் நிறத்துக்குத் தோதாகப் பார்த்து வாங்கத் தெரிகிறது. பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாது.

வந்த பொருளை என்ன செய்வது? நான் யோசித்துப் பார்த்துச் சில முறைகள் வைத்திருக்கிறேன். புறப்படுவதற்கு முன்னால் வயிறு முட்டத் தீனி கொடுக்கக்கூடாது. வாரை நெஞ்சில் போடணும், கழுத்தில் போட்டால் ஆபத்து. ஜன்னல் கொஞ்சம்தான். இடையில் நிறுத்தி இறக்கி நடத்தணும். பூட்டின காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது, நீங்கள் போனாலும் நான் இறங்கமாட்டேன். இதெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியாது. அனுபவத்தில் வருவது. திடீரென்று காரில் ஏற்றினாலும் மிரளும். அதற்காகப் பக்கத்து வீட்டுத் தங்கராசுவின் ஓடாத காரில் சாயந்திரம் சாயந்திரம் இவனை ஏற்றி, நானும் உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்திப் பழக்கினேன். தெருவே வந்து பார்த்தது. "மாப்பிள்ளைய ஊர்கோலம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று வேலுத்தாய் கேட்டாள். தங்கராசு வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, எந்த ஊருக்குப் போகணும் அண்ணாச்சி என்று ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான். வேலையில்லாத பயல்.

கால் எப்போதோ ஆறிவிட்டது. ஆறினாலும் அவசரப்படக்கூடாதே. ஆடியில் கொடுக்கலாம் என்றார்கள், அப்போது சளி. தையில் கேட்டார்கள். நான் கண்ணாடி போட்டுப் பார்த்ததில் காதுக்குப் பின்னால் ஒரு மயிர் கொஞ்சம் சாம்பலாகத் தெரிந்தது. ஒரு மயிர்கூட வெள்ளை இல்லாத கிடா என்றல்லவா சொல்லியிருக்கிறேன். வேலுத்தாயிடம் காட்டினேன். அவள் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது உங்க தலையில இருந்து விழுந்தது" என்றாள். பிறகு, "நேந்தது பிள்ளைக்கு. அது ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லையா? சீனிக்கு ஞாபகம் இல்லை. வேறு கிடா வாங்கிக் கொடுத்துவிடலாம்பா என்றான். ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைக் கொடுக்க இது என்ன துணிக்கடையா? சொன்னால் சொன்னதுதான். போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. சாதாரணக் காய்ச்சல், அந்த வாரமே பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆனால் போன் வந்த அன்று ராத்திரி நான் தொழுவத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் உங்கள் முதலாளியிடம் போய் இந்தக் காரைச் சொல்லிவைத்தேன். சீனியின் காரில் மறுபடி ஏற்றமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள். காலையில் நாயும் அவர்களுமாக முன்னால் போய்விட்டார்கள். வேலுத்தாயும் அதில்தான். அண்டா, மசாலா எல்லாம் அதில். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. கால் சரி. கொம்பு சரி. நிறம் சரி. இன்றைக்குக் கொடுத்துவிடணும்.

ஒன்று பாருங்கள். அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். அகத்திக்கீரை இரண்டு கட்டு இருக்கிறது. வேலுத்தாய் வைத்தது. ஒன்று வழியில் கொடுக்க என்றாள். இன்னொன்று எதற்கு என்றால், சாயந்திரத்துக்கு என்கிறாள். சாயந்திரம் கிடா ஏது? இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். இந்த அளவுதான் மூளை.

இருங்கள், போன் அடிக்கிறது. வெறும் போன் சத்தம்தான். இரு சாமி.

பேத்திதான். படம் தெரிகிற போன் என்பதால் முகம் தெரிகிறது. கோயிலுக்கு வந்துவிட்டார்களாம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருக்கிறார்கள். என்ன கேட்டாள் தெரியுமா? "தாத்தா, கிடா பெல்ட் போட்டிருக்கா?" என்றாள். காட்டினேன். "நீங்க போட்டிருக்கீங்களா?" என்றாள். அவளிடம் போய், நான் என்ன நாயா என்று சொல்ல முடியுமா? போட்டிருக்கேன் தாயி என்று சொல்லிவிட்டேன். எல்லாம் அவள் அம்மா கொடுக்கிற பயிற்சி. அந்த நாய் அவள் சந்தனத்தை நக்குகிறது, இவளும் சிரிக்கிறாள்.

சொன்னது பொய்யாகக்கூடாது. இதை எங்கே சொருகுவது, தம்பி? இழுத்தால் வரமாட்டேன் என்கிறதே. மெதுவாகவா? வருகிறது. இந்தப் பக்கமா? அது இவனுடையது. இது என்னுடையதா? இவன் வேறு தலையை இதற்குள் விடுகிறான். எடு சாமி தலையை. கொம்பு மாட்டும். இருவருக்கும் சேர்த்தா போடுவது? ம்... பூட்டு விழுந்துவிட்டது. சத்தம் கேட்டதா? விழுந்துவிட்டது.

என்ன சொல்கிறீர்கள்?

ஆர்ச்சா? போய்விட்டதா?

நீங்கள் எல்லாம் என்ன டிரைவர்? இரண்டு குதிரை என்று சொன்னேனே. குதிரை தெரியவில்லையா? நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். பிரேக்கை அமுக்கத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன். நான் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் நீங்களாகத் திருப்பியிருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் நானே சொல்லணுமா?

வேண்டாம், வேண்டாம். இங்கே திருப்பாதீர்கள். நடுவில் இவ்வளவு சின்ன இடைவெளி, எதிரே லாரி வருகிறது. ஒடித்துத் திருப்பினால் இவன் அப்படியே ஒரு பக்கம் போய்விடுவான். போன வருஷம் பட்டது போதாதா? வண்டியில் உயிர் இருக்கும்போது ஒடித்துத் திருப்பக்கூடாது, அது முறையில்லை. நேராகவே போங்கள். இன்னும் அகலமான இடம் வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச தூரம் போங்கள்.

போன் அடிக்கட்டும். வண்டி ஓடும்போது பேசினால் இவன் மிரளுவான். பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே. இப்போதுதானே பார்த்தேன். நீங்களும் கேட்டீர்கள் அல்லவா அவள் சத்தத்தை? கேட்டீர்கள். நன்றாகத்தான் இருந்தது. கருப்பனிடம் நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. வழி தெரியாத டிரைவரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் நான் என்ன செய்வது என்று அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் புளியமரத்து நிழலில் நிறுத்துங்கள். அமுக்கி, மெதுவாக. வெகுநேரமாக நிற்காமல் வருகிறோம், இவனை இறக்கி நடத்தணும். தண்ணீர் காட்டணும். அந்தப் பையை இப்படித் தள்ளுங்கள். ஒரு கட்டைப் பிரிக்கிறேன். இன்னொன்று இருக்கட்டும், சாயந்திரத்துக்கு.

மூளையில்லாதவள். கொஞ்சம் பெரிய கட்டாகத்தான் வைத்திருக்கிறாள்.